கிறிஸ்தவக் கொடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைத் துணி, கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் நீலக் கட்டம், அந்தக் கட்டத்துக்குள் சிவப்புச் சிலுவை. அமெரிக்க ஆலயங்களின் படங்களிலும் விடுமுறை வேதாகமப் பள்ளிப் புத்தகங்களிலும் இந்தக் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் பேச்சுநடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இது எந்தச் சபையோட கொடி?

எந்த ஒரு சபைக்கும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரெஸ்பிடேரியன், லூத்தரன் என்று பல புராட்டஸ்டண்ட் சபைகளில் இதைப் பார்க்கலாம். அங்கிருந்து சென்ற மிஷனரிகள் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் போனது. உருவாக்கியவர்கள் காப்புரிமை எதுவும் வாங்கி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் தைக்கலாம், விற்கலாம், ஏற்றலாம்.

இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிச் சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிடும். "இது சரியா, தவறா" என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கொடிக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. இருப்பது வழக்கம் மட்டுமே.

யார் கண்டுபிடிச்சது? எப்போ?

1897 செப்டம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் புரூக்ளினில் கடலோரப் பகுதியான கோனி ஐலண்டில் பிரைட்டன் சேப்பல் என்ற சிறிய ஆலயம் இருந்தது. அன்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கூடுகை. பேச அழைக்கப்பட்டிருந்தவர் வரவில்லை. ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர் சார்லஸ் சி. ஓவர்டன் தயாரிப்பு எதுவுமில்லாமல் எழுந்து பேச வேண்டியதாயிற்று. அங்கே இருந்த அமெரிக்கக் கொடியைக் காட்டிப் பேச ஆரம்பித்தவர், கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு கொடி இருந்தால் அது எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டார். கொடியின் தொடக்கம் அந்தக் கேள்விதான்.

ஆகவே இது ஒரு மாநாட்டிலோ ஆயர் பேரவையிலோ பிறந்த கொடி அல்ல. பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரு பாடத்தைச் சொல்லப் பிறந்தது. இதன் எளிமைக்குக் காரணம் அதுதான் என்பது எங்கள் கருத்து.

சில இடத்துல 1907னு போட்டிருக்கே, எது சரி?

இரண்டும் சரி. 1897 எண்ணம் பிறந்த ஆண்டு. 1907இல் ஓவர்டனும், மெதடிஸ்ட் சபையின் இளைஞர் மிஷனரி இயக்கத்தில் செயலராக இருந்த ரால்ஃப் டிஃபன்டார்ஃபரும் சேர்ந்து கொடிக்கு உருவம் கொடுத்துப் பரப்பத் தொடங்கினார்கள். சபை சபையாகப் போய்ப் பேசியதில் டிஃபன்டார்ஃபரின் பங்கு பெரிது. ஓவர்டன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இவரை விட்டுவிடுவது நியாயமில்லை.

மூன்றாவதாக 1942 என்ற ஆண்டையும் பார்ப்பீர்கள். அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று, அமெரிக்காவின் பல புராட்டஸ்டண்ட் சபைகள் சேர்ந்திருந்த கூட்டமைப்பான ஃபெடரல் கவுன்சில் ஆஃப் சர்ச்சஸ் இந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது. அதற்குள் கொடிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஏற்கெனவே ஆலயங்களில் நின்றுகொண்டிருந்த கொடிக்குக் கிடைத்த ஒப்புதல் அது. கொடியின் பிறப்பு அல்ல.

மூணு கலருக்கும் என்ன அர்த்தம்?

சிவப்புச் சிலுவையில் கருத்து வேறுபாடே இல்லை: கிறிஸ்து சிந்திய இரத்தம். வெள்ளை தூய்மையையும் சமாதானத்தையும் குறிக்கிறது. பாவம் கழுவப்பட்டு வெண்மையாவதைச் சொல்லும் ஏசாயா 1:18ஐ இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். போர்க்களத்தில் வெள்ளைக்கொடி காட்டுவது சரணடைவதற்கு அடையாளம் என்பதால், தேவனிடம் சரணடைவது என்றும் விளக்குவதுண்டு.

நீலத்தில்தான் ஆளுக்கொரு விளக்கம் கேட்பீர்கள். உண்மை மாறாத விசுவாசம் என்பது ஒன்று, ஞானஸ்நானத் தண்ணீர் என்பது மற்றொன்று, வானம் என்பது இன்னொன்று. சபைக்குச் சபை மாறும். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர்கள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் போதும். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு எதுவும் நிற்காது.

அமெரிக்கக் கொடி மாதிரியே இருக்கே, காப்பி அடிச்சதா?

அதை மனதில் வைத்தே அமைத்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. அதே மூன்று நிறங்கள், அதே மேல்மூலையில் அதே நீலக் கட்டம். நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் சிலுவை வந்தது. பதின்மூன்று பட்டைகள் இருந்த இடம் வெறும் வெள்ளையாயிற்று. பிள்ளைகளுக்குத் தெரிந்த கொடியிலிருந்து தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் முறை அது.

ஆனால் இந்த ஒற்றுமையால் ஒரு சிக்கலும் வந்தது. வேறு நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இது அமெரிக்கச் சாயல் கொண்ட கொடியாகவே தெரிகிறது. அந்த மனக்குறை நியாயமானதே. உலகத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோருக்குமான கொடி என்ற நோக்கம் பெரியது. அதற்கு வாய்த்த உருவம் ஓர் ஊருடையது.

'யெகோவா நிசி'ன்னா கொடின்னுதானே? அப்போ பைபிள்லயே இந்தக் கொடி இருக்கா?

யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு நடந்த யுத்தத்துக்குப் பிறகு மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர் அது. "கர்த்தரே என் கொடி" என்று பொருள் கொள்வார்கள். எண்ணாகமம் 2ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் கோத்திரங்கள் தத்தம் கொடியருகே பாளயமிறங்கியதாக வருகிறது. அந்தக் கொடிகள் என்ன நிறம், என்ன சின்னம் என்று அங்கே எழுதப்படவில்லை. நாம் பேசும் கொடிக்கு வசனங்களிலிருந்து கருத்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வடிவம் வேதத்திலிருந்து வந்ததல்ல.

கான்ஸ்டன்டைன் ராஜா வச்சிருந்த கொடிதான் இதுன்னு சொல்றாங்களே?

இல்லை. கி.பி. 312இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வென்ற மில்வியன் பாலத்துப் போரை ஒட்டிச் சொல்லப்படும் அடையாளம் வேறு. கிறிஸ்து என்ற சொல்லின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளான கி, ரோ இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய சின்னம் அது. வீரர்களின் கேடயங்களில் எழுதப்பட்டதாக அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்டான்டியஸ் சொல்கிறார். லாபரம் என்ற அவருடைய படைக்கொடியை வர்ணிப்பவர் அக்காலத்துச் சபை வரலாற்றாசிரியர் யுசேபியஸ். வெள்ளை, நீலம், சிவப்புக் கொடிக்கும் அதற்கும் நடுவில் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது.

கத்தோலிக்கர்களும் இதை ஏத்துவாங்களா? நம்ம ஊர்த் திருவிழாக் கொடி இதுதானா?

பொதுவாக ஏற்றுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் தெரிவது வத்திக்கான் கொடி. மஞ்சளும் வெள்ளையும் செங்குத்தாக, வெள்ளைப் பகுதியில் பேதுருவின் இரண்டு திறவுகோல்களும் பாப்பரசரின் முடியும். பாப்பரசர் ஏழாம் பயஸ் 1808இல் மஞ்சள், வெள்ளை நிறங்களைத் தேர்ந்தார். 1929இல் வத்திக்கான் தனி நாடானபோது அது நாட்டுக்கொடியாயிற்று. சதுரமான நாட்டுக்கொடிகள் உலகில் இரண்டே, ஒன்று இது, மற்றொன்று சுவிட்சர்லாந்துடையது.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று ஏற்றி, செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் விழாவோடு இறக்குவது திருவிழாக் கொடி. அதில் மாதாவின் உருவம் இருக்கும். கொடி ஏறினால் திருவிழா தொடங்கிவிட்டது, இறங்கினால் முடிந்தது. அந்தக் கொடிக்குக் காலம்தான் பொருள். கிறிஸ்தவக் கொடிக்கு அப்படி நாள் கிடையாது. ஆண்டு முழுவதும் ஆலயத்துக்குள் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

சபைக்குன்னு தனிக்கொடி வச்சிருக்கிறவங்க யாராவது இருக்காங்களா?

நிறையப் பேர். நம் பக்கத்தில் எளிதாகப் பார்க்கக் கிடைப்பது நாகர்கோவில் பக்கம் வேரூன்றிய இரட்சண்ய சேனையின் கொடி. சிவப்புத் துணி, சுற்றிலும் நீலக் கரை, நடுவில் மஞ்சள் நட்சத்திரம், அதில் இரத்தமும் அக்கினியும் என்ற சொற்கள். சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், நீலம் தேவனுடைய பரிசுத்தம், மஞ்சள் பரிசுத்த ஆவியின் அக்கினி. 1878இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் கேத்தரின் பூத் முதல் கொடியை வழங்கினார். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில் ஏற்றுவது வெள்ளையில் சிவப்பு ஜார்ஜ் சிலுவை, மேல்மூலையில் அந்தந்தப் பேராயத்தின் சின்னம். இது 1938இல் முறையாக அறிவிக்கப்பட்டது.

சரித்திரத்தை ஒரு துணிக்குள் மிக அழகாக அடக்கியது அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையின் கொடி. வெள்ளையில் பெரிய சிவப்புச் சிலுவை: இங்கிலாந்திலிருந்து வந்த வேர். மூலையில் உள்ள நீலக் கட்டத்தில் ஒன்பது சிறு வெள்ளைச் சிலுவைகள், பெருக்கல் குறிபோலச் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு ஸ்காட்லாந்தின் அந்திரேயா சிலுவை. காரணம் இதுதான்: அமெரிக்கா விடுதலை பெற்றபின் சாமுவேல் சீபரி பேராயராக அபிஷேகம் பெற இங்கிலாந்து போனார். அங்கே அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் குறுக்கே நின்றது. அவர் ஸ்காட்லாந்து சென்று 1784 நவம்பர் 14 அன்று அபர்டீனில் அபிஷேகம் பெற்றார். ஒன்பது என்பது 1789இல் பிலடெல்பியாவில் கூடிய ஒன்பது பேராயங்கள். வில்லியம் பால்ட்வின் வரைந்த இந்தக் கொடி 1940 அக்டோபர் 16 அன்று ஏற்கப்பட்டது. அந்தச் சபையின் ஜெபப் புத்தகம் உறுதிசெய்யப்பட்டதும் 1789இல் அதே அக்டோபர் 16தான்.

இந்தக் கொடியின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு, ஒரு தீர்மானம் உண்டு. கிறிஸ்தவக் கொடியில் அப்படித் தேடாதீர்கள். அதன் நீலக் கட்டத்துக்குள் எந்த ஊரின் சரித்திரமும் ஒளிந்திருக்கவில்லை.

கொடிக்கு உறுதிமொழி, பாட்டு எல்லாம் இருக்காமே?

இருக்கிறது. அமெரிக்கத் தேசியக்கொடிக்கான உறுதிமொழியை 1892இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். அதே சாயலில் கிறிஸ்தவக் கொடிக்கான உறுதிமொழியை 1908இல் எழுதியவர் லின் ஹாரல்ட் ஹஃப் என்ற மெதடிஸ்ட் போதகர். டிஃபன்டார்ஃபர் ஒரு கூட்டத்தில் கொடியைப் பற்றிப் பேசக் கேட்டதன் விளைவு அது. கருத்து இதுதான்: இந்தக் கொடிக்கும், இது யாருடைய ராஜ்யத்துக்காக நிற்கிறதோ அந்த இரட்சகருக்கும் உண்மையாயிருப்பேன், சேவையிலும் அன்பிலும் மனிதர் யாவரையும் இணைக்கும் ஒரே சகோதரத்துவம்.

பின்னால் சுவிசேஷச் சபைகள் பலவற்றில் கடைசிப் பகுதி மாறிவிட்டது. சகோதரத்துவம் இருந்த இடத்தில், சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்து மீண்டும் வரப்போகிற ஒரே இரட்சகர், விசுவாசிக்கிற யாவருக்கும் ஜீவனும் விடுதலையும் என்று வரும். விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டாவது வடிவம். மனிதர் யாவரும் என்பது விசுவாசிக்கிற யாவரும் என்று சுருங்கியதைக் கவனியுங்கள். அது சின்ன மாற்றம் அல்ல. கொடிக்கான பாடலின் வரிகளை எழுதியவர் கண்பார்வை இல்லாத பாடலாசிரியர் ஃபேனி கிராஸ்பி. இசை ஆர். ஹண்டிங்டன் உட்மன்.

கொடிக்கு உறுதிமொழி சொல்றது விக்கிரக வணக்கம் ஆகாதா?

ஆகும் என்று நினைக்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். மெனோனைட் வழியில் வந்த பலர் எந்தக் கொடிக்கும் உறுதிமொழி சொல்வதில்லை. அவர்களுடைய தயக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகாது என்பவர்கள், உறுதிமொழியின் பாரம் இரட்சகர் என்ற சொல்லில்தான் இறங்குகிறது, துணியில் அல்ல என்பார்கள்.

எங்கள் கருத்தைக் கேட்டால்: பிள்ளைகளைச் சொல்ல வைப்பதற்கு முன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லுங்கள். சொல்ல விரும்பாத பிள்ளை அமைதியாக நிற்கட்டும். கொடியே இல்லாமலும் ஞாயிறு பள்ளி நடத்தலாம். கட்டாயம் என்று எழுதிய ஆளே கிடையாது.

சரியான அளவு என்ன? நாங்களே தைக்கணும்.

சட்டமாக அளவு எதுவுமில்லை. கடைகளில் அதிகம் கிடைப்பது 3 அடிக்கு 5 அடி. அதையொட்டி 90 செ.மீ. உயரம், 150 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள கணக்கில் வெட்டினால் பார்வைக்குச் சரியாக வரும். இவை முடிந்த அளவுகள். ஒவ்வொரு தையல் பக்கத்துக்கும் 1.5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். நீலம் உயரம் 48, அகலம் 60. நீலத்துக்குப் பக்கத்து வெள்ளை உயரம் 48, அகலம் 90. அடி வெள்ளை உயரம் 42, நீளம் 150. சிலுவை மொத்த உயரம் 36, குறுக்குக் கட்டை 24, இரண்டின் பட்டை அகலமும் 6. குறுக்குக் கட்டைக்கு மேலே 9, கீழே 21 இருக்கட்டும். நீலத்தின் மேலும் கீழும் 6, இரு பக்கமும் 18 இடைவெளி விழும். சிலுவையின் நுனி நீலத்தின் ஓரத்தைத் தொடக் கூடாது.

முழு வெள்ளைத் துணி மேல் நீலத்தை ஒட்டுப்போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பின்பக்கம் வெள்ளையாகவே நிற்கும், வெயிலில் பிடித்தால் நீலம் வெளிறித் தெரியும். மூன்று துண்டாக வெட்டி இணைத்து, தையலை உள்மடித்து இன்னொரு தையல் போடுங்கள். சிலுவையை முன்பக்கம் வைத்து ஓரத்தை நெருக்கமான ஜிக்ஜாக் தையலால் அடைத்தபின், துணியைத் திருப்பிப் போட்டு, தையலுக்குள் அடங்கிய நீலத்தைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். அப்போது ஒரே சிவப்புத் துணி இரண்டு பக்கமும் தெரியும். முன்னொன்று பின்னொன்று என்று இரண்டு சிலுவை தைத்தால் மில்லிமீட்டர் பிசகினாலும் வெளிச்சத்தில் நிழல் விழும், மூலையும் கனத்துத் தொங்கும்.

பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன்பே சிவப்பைத் தனியாக, தண்ணீர் தெளிவாகும்வரை அலசுங்கள். சாயம் போகிற சிவப்பு முதல் மழையிலேயே வெள்ளையில் இளஞ்சிவப்புத் திட்டு விடும். அதை எடுக்கவே முடியாது. கம்பத்துப் பக்கம் கெட்டிக் கான்வாஸ் பட்டை தைத்து மேலும் கீழும் பித்தளை ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) அடியுங்கள். கடற்கரை ஊர்களில் இரும்பு ஐலெட் துருப்பிடித்துக் கறை இறக்கும். காற்றில் அடிபடுகிற எதிர் ஓரம்தான் முதலில் பிரியும், அங்கே நான்கு வரிசைத் தையல் வேண்டும்.

தங்கக் குஞ்சலம் வச்ச கொடிக்கு ஏதாவது தனி அர்த்தமா?

அர்த்தமில்லை, அலங்காரம்தான். ஆலயத்துக்குள் நிற்கும் கொடிக்கு வைப்பார்கள். வெளியே கட்டினால் மழையில் கருத்து, காற்றில் சிக்குப்பட்டுக் கிழியும். உள்ளே நிற்கும் கொடிக்கு ஐலெட்டுக்குப் பதில் கம்பம் நுழையும்படி உறை தைத்திருக்கும். கம்பத்தின் தலையில் சிலுவை. அமெரிக்கக் கொடிக் கம்பத்தில் கழுகோ ஈட்டி முனையோ இருக்கும். பல ஆலயங்களில் சுத்தம் செய்யும்போது கழற்றி இரண்டையும் மாற்றி மாட்டிவிடுகிறார்கள். கவனித்துப் பாருங்கள்.

சுவத்துல நீளவாக்குல தொங்கவிடலாமா?

வேண்டாம். பட்டைகள் கொண்ட கொடியைத் திருப்பித் தொங்கவிடலாம், இதை முடியாது. கொடியைக் கால் சுற்றுத் திருப்பினால் சிலுவை படுத்துவிடும். இதன் சிலுவைக்குக் கீழ்த்தண்டு நீளம் என்பதால் படுத்திருப்பது தூரத்திலிருந்தே தெரியும். நீளவாக்கில்தான் இடம் இருக்கிறதென்றால் அதற்கென்று ஒன்று தைக்க வேண்டும்: நீலத்தை மேலே, பார்ப்பவரின் இடப்பக்கம் வைத்து, சிலுவையை நிமிர்ந்தபடி.

தலைகீழாக ஏற்றிவிடுவதும் நடக்கிறது. கப்பியில் ஏற்றுவதற்கு முன் கான்வாஸ் பட்டையின் மேல் முனையில் சிறிய நூல் முடிச்சு ஒன்று அடையாளமாகப் போட்டு வையுங்கள். அதிகாலை இருட்டில் விரலால் தடவியே மேல்பக்கம் எது என்று தெரிந்துகொள்ளலாம்.

சாயங்காலமானா சிலுவை கறுப்பாத் தெரியுதே, துணி மோசமா?

துணியில் குறையில்லை. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பு. நீலம் அதற்குப் பிறகும் தெரியும். கொடி, கேடயச் சின்னங்களுக்கான பழைய ஐரோப்பிய விதி ஒன்று, அடர்நிறத்தின் மேல் அடர்நிறம் வைக்காதே, நடுவில் வெள்ளையோ மஞ்சளோ வரட்டும் என்று சொல்கிறது. இந்தக் கொடி அந்த விதியை மீறியது. நீலத்தின் மேல் நேராகச் சிவப்பு. வெயிலில் சிவப்பு வெளுப்பதும் சேர்ந்துகொள்ளும்.

சிலர் சிலுவையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை கொடுக்கிறார்கள். அது வழக்கமான வடிவம் அல்ல. அதைவிட, அடர்ந்த நீலத்தைத் தவிர்த்துக் கொஞ்சம் தெளிந்த நீலமும் நல்ல ஒளியுள்ள சிவப்பும் தேர்ந்தெடுப்பது மேல்.

ஆலயத்துக்குள்ள தேசியக்கொடியும் இதுவும் இருந்தா எது எந்தப் பக்கம்?

அமெரிக்காவில் 1942 ஜூனில் வந்த கொடி விதிகள்படி, ஆலய மேடையில் சபையை நோக்கி நிற்கும் போதகரின் வலப்பக்கம் தேசியக்கொடி, மற்றக் கொடி இடப்பக்கம். மேடைக்குக் கீழே, சபையார் பக்கத்தில் வைத்தால் கணக்கு வேறாக இருந்தது. அந்தக் குழப்பத்தை 1976 திருத்தம் நீக்கியது. பழைய படங்களில் கொடிகள் இடம் மாறித் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இந்த விதிகளை மீறினால் தண்டனை கிடையாது. அதனால் சில சபைகள் ஆலயத்துக்குள் சிலுவையே முதலில் என்று கிறிஸ்தவக் கொடியை வலப்பக்கம் வைக்கின்றன. இரண்டு கொடியும் பலிபீடத்தருகே வேண்டாம் என்று சொல்லும் வழிபாட்டு அறிஞர்களும் பலர். ஆராதனை இடத்தில் நாடு என்ற எல்லைக்கோடு தெரியக் கூடாது என்பது அவர்கள் வாதம். எங்களுக்கும் அது சரியாகவே படுகிறது.

அப்போ இந்தியாவுல?

இங்கே விளையாட்டில்லை. 2002ஆம் ஆண்டு இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, தேசியக்கொடிக்கு மேலாகவோ அதைவிட உயரமாகவோ பக்கத்தில் சமமாகவோ வேறு கொடி இருக்கக் கூடாது. ஒரே கம்பத்தில் இரண்டையும் ஏற்றவும் கூடாது. மேடையில் கம்பத்தோடு வைப்பதென்றால் கூட்டத்தை நோக்கி நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கம் தேசியக்கொடி.

சுதந்திர தினத்தன்று ஆலய வளாகத்தில் கொடியேற்றும் சபைகள் அன்று சபைக்கொடியை இறக்கி வைத்துவிடுவது நல்லது. அதே கம்பம்தான் இருக்கிறது, மேலே தேசியக்கொடி கீழே சபைக்கொடி கட்டிவிடலாம் என்று கயிறு ஏற்றுபவர் சொன்னால் கேட்காதீர்கள்.

தேசியக்கொடிக்கு மேல சிலுவைக்கொடி பறக்கிற படம் பாத்தேன். அது எப்படி?

கடற்படைக் கப்பலாக இருக்கும். கடலில் கப்பல் சாப்ளின் (கடற்படைப் போதகர்) நடத்தும் ஆராதனை நேரத்தில் மட்டும் தேசியக்கொடிக்கு மேல் ஆராதனைக் கொடி பறக்கலாம் என்று அமெரிக்க விதியே விலக்குத் தருகிறது. ஆனால் அது நாம் பேசும் கொடி அல்ல. நீண்டு கூம்பிய வெள்ளைத் துணியில் நீலச் சிலுவை. பிரிட்டிஷ் கடற்படையின் ஆராதனைக் கொடியில் கம்பத்துப் பக்கம் ஜார்ஜ் சிலுவையும் மறுபக்கம் நெதர்லாந்தின் சிவப்பு, வெள்ளை, நீலமும் இருக்கும்.

பாஸ்டன்ல இந்தக் கொடிக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் கேஸ் போனதாமே?

போனது. பாஸ்டன் நகர மன்றக் கட்டடத்துக்கு முன் மூன்று கொடிக்கம்பங்கள். மூன்றாவதில் அமைப்புகள் தங்கள் கொடியைச் சிறிது நேரம் ஏற்ற நகரம் இடம் கொடுத்துவந்தது. 2005 முதல் 2017 வரை 284 முறை அனுமதி தந்தது. 2017இல் ஹாரல்ட் ஷர்ட்லெஃப் என்பவர் தம் அமைப்பின் சார்பில் கிறிஸ்தவக் கொடியை ஏற்றக் கேட்டபோது, அரசு மதத்தை ஆதரிப்பதாகிவிடும் என்று மறுத்தார்கள்.

2022 மே 2 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நகரத்தின் மறுப்பு தவறு என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரேயர். அந்தக் கம்பத்தில் என்ன ஏறலாம் என்று நகரம் தேர்ந்தெடுத்துத் தன் குரலாக ஆக்கிக்கொள்ளவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் தந்தது, அப்படியிருக்க மதக் கருத்து என்பதற்காக ஒருவரை மட்டும் விலக்கக் கூடாது என்பது சாரம். அந்த ஆகஸ்டில் கொடி ஏறியது. இந்தத் தீர்ப்பை "அரசுக் கட்டடங்களில் கிறிஸ்தவக் கொடி ஏற்றலாம்" என்று பகிர்கிறார்கள். அது தவறான வாசிப்பு. எந்தக் கொடி ஏறும் என்பதை அரசே தீர்மானிக்கும் கம்பங்களுக்கு இது பொருந்தாது.

அரசியல் கூட்டத்துலயும் தூக்கிட்டு வர்றாங்களே, யாரும் தடுக்க முடியாதா?

முடியாது. முதல் பதிலில் சொன்ன சுதந்திரத்துக்கு மறுபக்கம் இது. சொந்தக்காரர் இல்லாத கொடியை யாரும் எடுத்துப்போகலாம். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள் கையிலும் இது இருந்தது. மனிதர் யாவரையும் சேவையிலும் அன்பிலும் இணைக்க என்று உறுதிமொழி எழுதப்பட்ட கொடி கலவரத்தில் தூக்கப்பட்டது வேதனையானது. அதைப் பார்த்தபின் தங்கள் ஆலயத்தில் வைக்கலாமா என்று யோசிக்கும் சபைகள் ஹஃப் எழுதிய முதல் வடிவத்தை எடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பழசான கொடியை என்ன பண்றது?

விதி கிடையாது. குப்பையில் போடாமல், தரை துடைக்க எடுக்காமல், தனியிடத்தில் எரிப்பதோ புதைப்பதோ வழக்கம். நைலான் துணி எரியும்போது உருகிச் சொட்டும், கையில் பிடித்து எரிக்காதீர்கள், புதைத்தால் மக்காது. ஆகவே நைலானானால் சிலுவையைத் தனியாகப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு மீதித் துணியை அப்புறப்படுத்துவது நல்லது.

வெள்ளை அவ்வளவு காலியா இருக்கே, எங்க சபை பேரை அதுல போட்டுக்கலாமா?

தடுக்க ஆளில்லை. ஆனால் பெயர் ஏறிய அன்றே அது உங்கள் சபையின் கொடியாகிவிடும், பொதுக்கொடி அல்ல. மேலே சொன்ன இரட்சண்ய சேனை, எபிஸ்கோப்பல் கொடிகளைப் போலத் தனிக்கொடி வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வரைந்துகொள்ளுங்கள். இதன் வெள்ளையை வெள்ளையாக விடுங்கள். கொடி தொலையாமலிருக்கத்தான் பெயர் என்றால், கம்பத்தோடு ஒட்டிய கான்வாஸ் பட்டையின் உள்பக்கத்தில், தண்ணீருக்கு அழியாத மையால் சபைப் பெயரும் தைத்த ஆண்டும் எழுதி வைத்தால் போதும்.